மொய்க் கவரில் போன பில்

அரவிந்த்குமாருக்கு அரவிந்த்குமார் மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. கெட்டவன் என்று சொல்ல மாட்டான். ஆனால் 'அந்த ஆளை நம்பிக் காசு கொடுக்கலாமா' என்று யாராவது வந்து கேட்டால், 'வேணாம்ணே, அது வெவரங்கெட்ட கழுத' என்று முதல் ஆளாகச் சொல்லிவிடுவான். முப்பத்திரண்டு வருசமாகக் கூடவே இருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாதா என்ன?

தொழில் என்னவோ நல்ல தொழில்தான். வீடு கழுவிக் கொடுப்பது. சென்னையில் நாலு வருசம் ஒரு கம்பெனியில், அடுக்குமாடி வீடுகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு சூப்பர்வைசராக இருந்தான். 'இத நம்ம ஊர்ல செஞ்சா என்ன' என்று ஒருநாள் ஞானம் பிறந்து அருப்புக்கோட்டைக்குத் திரும்பி வந்து, 'சௌடாம்பிகா ஹோம் கேர்' என்று குலதெய்வத்து அம்மன் பெயரை வைத்து ஆரம்பித்தான். ஒரு பழைய ஸ்கூட்டர், லோனில் வாங்கிய தரை தேய்க்கும் மிஷின், நாலு வாளி, ரெண்டு ஏணி. அப்பா சென்னய்யா வாழ்நாளெல்லாம் தறியில் உட்கார்ந்தவர். மிஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, 'தறியில முதுகுதான் போகும், இதுல மானமும் சேந்து போகும்' என்று வீட்டுத் தெலுங்கில் சொன்னதோடு சரி. அம்மா நாகமணி சொந்தக்காரர்களிடம் 'பையன் ஹோம் கேர் வச்சிருக்கான்' என்பாள். கேட்டவர்கள் அதை ஏதோ ஆஸ்பத்திரி சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். அவனும் திருத்தப் போகவில்லை.

வேலை தடையில்லாமல் வந்தது. புதுவீடு பால் காய்ச்சுகிறவர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள், வாடகைக்கு விடுகிறவர்கள் என்று மாதம் ஏழெட்டு வீடு. வேலையைச் செய்து முடிக்க எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வரும் பொன்னுத்தாய் இருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சிமெண்டுக் கறை எந்த ஆசிட்டுக்கு விடும், எந்த டைல்ஸுக்கு ஆசிட்டே ஆகாது என்பதெல்லாம் அவளுக்குக் கைப்பாடம். பெரிய வீடென்றால் அதே ஊர் முத்துத்தாயையும் இழுத்துக்கொண்டு வருவாள். ஆக, சௌடாம்பிகா ஹோம் கேரில் எல்லாம் இருந்தது. முதலாளிக்கு வாய் மட்டும்தான் இல்லை.

காசு கேட்க வராது அவனுக்கு. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று 'எவ்வளவு தம்பி ஆச்சு?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இவனுக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். 'இருக்கட்டும்ணே, பில்லு அனுப்புறேன்' என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்துவிடுவான். அனுப்பவும் செய்வான். போனில் அழகாகப் பில் போடும் ஆப் வைத்திருந்தான். மேலே அம்மன் படம், கீழே 'தங்கள் நல்லாதரவுக்கு நன்றி'. வாட்ஸப்பில் போகும். பதிலும் வரும். ஒருவர் கும்பிடு போடுவார், ஒருவர் கட்டை விரலைத் தூக்குவார். வக்கீல் ஒருத்தர் மறுநாள் காலையில் முருகன் படத்தோடு 'இனிய காலை வணக்கம்' போட்டார். காசு மட்டும் யாரும் போடவில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால். இது அழாத பிள்ளை. அழாததோடு நிற்காமல் 'பால் இருந்தாக் குடுங்க, இல்லாட்டியும் பரவால்ல' என்று பல்லைக் காட்டுகிற பிள்ளை.

இதைக் கூச்சம் என்று அவன் சொல்லிக்கொண்டான். 'நமக்கு அந்த மாதிரிக் கறாரெல்லாம் வராதுப்பா' என்று சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் பந்தல்குடி ரோட்டில் கனகலட்சுமி அம்மாவின் புதுவீட்டு வேலை வந்தது. அந்தம்மாவின் வீட்டுக்காரர் மாதவன் மார்க்கெட்டில் பருப்பு மண்டி வைத்திருப்பவர். மாடியும் கீழுமாக நாலு பாத்ரூம், இருபத்திநாலு ஜன்னல். கொத்தனார் கொட்டிய சிமெண்டும் பெயிண்டர் சிந்திய பெயிண்டும் தரையெல்லாம் பொரிந்து கிடந்தன. வெள்ளிக்கிழமை விடியக் கிரகப்பிரவேசம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பொன்னுத்தாயும் முத்துத்தாயும் பிளேடும் நாருமாகக் குத்தவைத்து உட்கார்ந்து சுரண்டினார்கள். அரவிந்த்குமார் மிஷினைத் தள்ளினான். புதன் சாயங்காலம் தரையில் முகம் தெரிந்தது.

கனகலட்சுமிக்குச் சந்தோசம். "வெள்ளிக்கிழம கண்டிப்பா வந்துரணும் தம்பி" என்று பத்திரிகையை மஞ்சள் தடவி அவன் கையில் கொடுத்தாள். பக்கத்திலேயே வாளியோடு நின்ற இரண்டு பெண்களையும் பார்த்து, "அந்தப் பழைய சாக்கையெல்லாம் மறக்காம எடுத்துட்டுப் போயிருங்க" என்றாள்.

வாசலுக்கு வந்ததும் பொன்னுத்தாய் பிடித்துக்கொண்டாள். "தம்பி, கூலி."

"பில்லு குடுத்ததும் வந்துரும்க்கா."

"போன வீட்டுக்கும் இதத்தான் சொன்னீக. அந்த மூணு நாளு, இந்த மூணு நாளு, ஆறு நாளைக்கு ஐநூறு வீதம் மூவாயிரம். முத்துத்தாய்க்கு ஆயிரத்தி ஐநூறு. எப்பவும்னா பொறுத்துக்குவேன். ஞாயித்துக்கெழம திருச்சுழில எங்கொழுந்தன் மருதுபாண்டி மகனுக்குக் காதுகுத்து. எம்மக சடங்குக்கு அவுக ரெண்டாயிரத்து ஒண்ணு செஞ்சாக. நான் கூட ஐநூறு போட்டு ரெண்டாயிரத்தி ஐநூத்தியொண்ணு வைக்கணும். சனிக்கெழம சாயங்காலம் பஸ்ஸு ஏறுறேன். மைக்குல எம்பேரு வரலைன்னு வச்சுக்கங்க, அப்புறம் அந்தக் குடும்பத்து மூஞ்சில நான் முழிக்க முடியாது."

மொய் திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்பது இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பேங்குக் கடனைக்கூட ஏமாற்றிவிட்டு ஊரில் நிமிர்ந்து நடக்கலாம். மொய்யை ஏமாற்றியவன் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தாலும் நின்றுகொண்டே போக வேண்டியதுதான். "சனிக்கெழம மத்தியானம் உங்க கையில காசுக்கா. எங்க அம்மன் மேல சத்தியம்" என்றான். அம்மனும் பாவம், இவனுக்கு ஜாமீன் நின்று நின்று அலுத்திருப்பாள்.

இந்தத் தடவை வாட்ஸப் ஆகாது, தாளாகவே கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தான். வியாழக்கிழமை போயிருக்கலாம். போகவில்லை, 'நாளைக்குப் பால் காய்ச்சுறவுககிட்ட இன்னைக்குப் போயிக் காசு கேக்குறதா' என்று ஒரு சாக்கு. அவன் வாழ்க்கையில் சாக்குக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை. வெள்ளிக்கிழமை விசேஷத்துக்குப் போகும்போது நைசாகக் கையில் கொடுத்துவிட்டால் வாயைத் திறக்கும் வேலையே இல்லை என்று தோன்றியது. பெரிய புத்திசாலித்தனம் செய்தது போல அன்று ரெண்டு தோசை கூடத் தின்றான்.

பில்லைப் பிரிண்ட் எடுத்தாயிற்று. அம்மா பார்த்துவிட்டாள். "நல்ல காரியத்துக்குப் போற இடத்துக்கு வெள்ளத் தாள வெறுமனயா கொண்டு போவாக?" என்று நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தாள். சரி, கவரில் போடலாம் என்று கடைக்குப் போனால், முகூர்த்த சீசன், சாதாக் கவரே இல்லை. ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டி, பிள்ளையார் படம் போட்ட பளபளா கவர்தான் இருந்தது. வாங்கினான். உள்ளே பில்லை வைத்து ஒட்டினான். அத்தோடு விட்டானா? கொடுக்கும்போது 'இது என்ன தம்பி' என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே! அதனால் கவரின் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதினான்: 'அரவிந்த்குமார், அருப்புக்கோட்டை, ரூ. 6,800.'

இதைவிடத் தெளிவாக ஒரு மொய்க் கவரை யாராலும் தயார் செய்ய முடியாது. எழுதும்போது அந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்த வீட்டில் ஜேஜே என்று கூட்டம். கனகலட்சுமி பட்டுப்புடவையில், இரண்டு கையிலும் தாம்பாளத்தோடு ஓடிக்கொண்டிருந்தாள். அவன் கவரை நீட்டியதும், கை காலியாக இல்லாததால் தாடையாலேயே ஹாலைக் காட்டினாள். "அங்க மாமாகிட்டக் குடுத்துருங்க தம்பி. சாப்புடாமப் போயிறாதீக." அங்கே மேஜை போட்டு மாதவனின் தாய்மாமன் ஐயாத்துரை உட்கார்ந்திருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். நாற்பது வருசமாக அந்த வகையறாவின் எல்லா விசேஷத்துக்கும் மொய் எழுதுகிறவர். முன்னால் நோட்டு, பக்கத்தில் மைக், காலடியில் மஞ்சப்பை.

'பணம் காசெல்லாம் இவர்தான் பாக்குறாரு போல, பில்லுக்கும் சரியான ஆளுதான்' என்று நினைத்தான் அரவிந்த்குமார். கவர் அவன் விரலை விட்டு முழுசாகக் கழலுவதற்குள் ஐயாத்துரை பிடுங்கி, மேலே இருந்ததைப் படித்து, ஒட்டியிருந்த காசையும் சேர்த்துக்கொண்டு மைக்கில் முழங்கினார்: "அருப்புக்கோட்டை அரவிந்த்குமார், ஆறாயிரத்து எண்ணூத்தி ஒண்ணேய்!" கவர் மஞ்சப்பைக்குள் போய்விட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'ஐயா, அது மொய்யில்ல, பில்லு.' ஒரே ஒரு வரி. சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் ஹாலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. இருநூத்தியொண்ணும் ஐநூத்தியொண்ணுமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் ஆறாயிரத்து எண்ணூறு என்றால் திரும்பாதா? கழுத்தில் வடச்சங்கிலி போட்ட ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். 'யாரு இவுக?' என்று பின்னால் ஒரு குரல் மரியாதையாகக் கேட்டது. இன்றைக்கு வரைக்கும் அந்த ஊரில் அவனை யாரும் 'இவுக' என்று சொன்னதில்லை.

அவன் திறந்த வாயை மூடி, கையைக் கூப்பினான்.

அதுதான் அவன் செய்ததிலேயே பெரிய அயோக்கியத்தனம். பதறிப்போய் வாயடைத்து நின்றான் என்றால் மன்னிக்கலாம். அந்த மரியாதை அவனுக்கு ருசித்தது. முதல் பந்தியில் உட்கார்ந்து ரெண்டு தடவை பாயாசம் வாங்கிக் குடித்தான். தேங்காய் போட்ட தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான், சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோம் என்பது புரிந்தது. பிறகு பார்த்தால் அது சொந்தக் காசுகூட இல்லை.

'கவரப் பிரிப்பாக, பில்லப் பாப்பாக, சிரிச்சுக்கிட்டே போன் பண்ணுவாக' என்று மனசைத் தேற்றிக்கொண்டான். வெள்ளிக்கிழமை ராத்திரி வரை போன் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானமும் வரவில்லை. மூன்று மணிக்கு வீட்டு வாசலில் பொன்னுத்தாய் வந்து நின்றாள். திருச்சுழிக்குப் போகும் மஞ்சள் கலர்ச் சேலை, கையில் துணிப்பை.

வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னான். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை.

"அப்ப எங்கூலிய மொய்யா வச்சுட்டு, உக்காந்து சாப்புட்டு வந்துருக்கீக."

"வேணும்னு செய்யலக்கா, கவரு..."

"கவரு வாயில்லாத சாமான். நீங்க?" என்றாள். "எடுங்க வண்டிய. அஞ்சரைக்கு எனக்குப் பஸ்ஸு."

பந்தல்குடி ரோட்டுக்குப் போனார்கள். கேட்டில் வண்டியை நிறுத்தி, "நீங்க இங்கயே இருங்கக்கா. நான் பக்குவமாப் பேசி வாங்கிட்டு வாரேன்" என்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

உள்ளே ஹாலில் சொந்தபந்தம் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஐயாத்துரை, நோட்டு, மஞ்சப்பை. வெள்ளிக்கிழமை வந்த லட்சுமியை அன்றைக்கே எண்ணக் கூடாது என்று கனகலட்சுமி சொன்னதால், சனிக்கிழமைதான் கவர்களைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் பல். "வாங்க தம்பி, வாங்க! இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்." பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்திருந்த தன் தம்பியைப் பார்த்து, "பாத்துக்கடா. மூணு நாளு வீடு கழுவ வந்த புள்ள ஆறாயிரத்து எண்ணூறு செஞ்சிருக்கு. நீ தாய்மாமன் முறை, ரெண்டாயிரத்து ஒண்ணு!" என்றாள். தம்பிக்காரன் அரவிந்த்குமாரைப் பார்த்த பார்வையில் பச்சை வாழைமரமே பற்றி எரிந்திருக்கும்.

'அம்மா, ஒரு சின்ன விசயம்' என்று அவன் தொண்டையைச் செருமினான். அதற்குள் ஐயாத்துரை பிள்ளையார் படம் போட்ட கவரைக் கையில் எடுத்துவிட்டார். பிரித்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தொட்ட தாள் வந்தது. கவரைக் கவிழ்த்து உதறிப் பார்த்தார். வேறொன்றும் விழவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். நாற்பது வருசம் மைக்கில் பழகிய குரல், தணித்துப் படிக்க வருமா?

"பாத்ரூம் கழுவியது, நாலு, ஆயிரத்து அறுநூறேய்! தரை சிமெண்டுக் கறை சுரண்டியது, மூவாயிரம்! ஜன்னல் துடைத்தது இருபத்தி நாலு, ஆயிரத்து எரநூறு! அடுப்படி அறுநூறு! தண்ணித் தொட்டி நானூறு! ஆகக் கூடுதல் ஆறாயிரத்து எண்ணூறு. தங்கள் நல்லாதரவுக்கு நன்றி!"

தம்பிக்காரன்தான் முதலில் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு. தொடையில் அடித்து, புரையேறி, கண்ணில் தண்ணி வரச் சிரித்தான். கனகலட்சுமியின் முகம் கன்றிப்போனது. "பால் காச்சுற அன்னைக்கு, சாமி படத்துக்குக் கீழ, கடன் சீட்டையா கொண்டாந்து வைப்பாக?" என்றாள். அரவிந்த்குமாருக்கு அவளைப் பார்க்க நிஜமாகவே பாவமாக இருந்தது. தரை பிளந்து உள்ளே போய்விடலாம் என்றால், மூன்று நாள் தேய்த்த தரை, கீறல்கூட இல்லை.

மாதவன் நல்ல மனுசன். கையமர்த்தினார். "இருக்கட்டும் விடு. வேல செஞ்ச காச நான் ஒருநாளும் நிறுத்தி வச்சதில்ல. வாயத் தெறந்து கேட்டிருந்தா புதன்கெழமையே குடுத்திருப்பேனே தம்பி?" மஞ்சப்பையிலிருந்து ஆறாயிரத்து எண்ணூறு எண்ணி அவன் கையில் வைத்தார். அவ்வளவுதான் சமாச்சாரம். இவ்வளவு லேசாகவா இருந்தது என்று அவனுக்கே நம்ப முடியவில்லை.

அவன் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

"நில்லுங்க" என்றார் ஐயாத்துரை. தாம்பாளத்தை எடுத்து அவன் பக்கம் தள்ளினார். "பில்லு தீந்துச்சு. நோட்டு?"

"நோட்டாங்கய்யா?"

"நோட்டுல உங்க பேரு ஏறியிருக்கு. ஆறாயிரத்து எண்ணூத்தி ஒண்ணு. ஒத்த ரூவாதான் வரவு. நாப்பது வருசத்துல நான் ஒரு பேர அடிச்சதில்ல. அதுலயும் குடி போன வீட்டு நோட்டு. அதுல அடிச்சா வீட்டுக்கு ஆகாது. மைக்குல சொல்லியாச்சு, ஊரே கேட்டாச்சு." அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. கணக்கு நேராக வேண்டும், அவ்வளவுதான்.

பத்து ஜோடிக் கண்ணும் அவன் கையைப் பார்த்தன. கனகலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். இப்போது அவன் வைத்துவிட்டால் அவள் தம்பி முன்னால் அவளுக்குப் போன மானம் திரும்பிவிடும். அரவிந்த்குமாருக்கும் 'இவுக' திரும்பிவிடும். கேட்டில் பொன்னுத்தாய் நிற்கிறாள், அஞ்சரைக்குப் பஸ் என்று புத்தி கத்தியது. ஆனால் அவன் புத்தி சொல்லி அவன் கை எந்தக் காலத்தில் கேட்டது? பணத்தை அப்படியே தாம்பாளத்தில் வைத்துவிட்டான். வைத்ததுமில்லாமல், "நம்ம வீடு மாதிரிதானங்கய்யா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும் அவனுக்கு.

ஐயாத்துரை கை தாம்பாளத்துக்குப் போகுமுன் இன்னொரு கை வந்தது.

பொன்னுத்தாய். எப்போது உள்ளே வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தான் சுரண்டிய தரையில் நேராக நடந்து வந்து, தாம்பாளத்திலிருந்த பணத்தை எடுத்துவிட்டாள். மொய்த் தட்டிலிருந்து பணத்தை எடுப்பதை அந்த ஹாலில் இருந்த யாரும் ஜென்மத்தில் பார்த்ததில்லை. ஒருத்தி 'ஐயையோ' என்றாள். தம்பிக்காரன் சிரிப்பை நிறுத்தினான்.

பொன்னுத்தாய் கட்டை விரலை நாக்கில் தொட்டு நிதானமாக எண்ணினாள். "இது மூவாயிரம், எங்கூலி. இது ஆயிரத்தி ஐநூறு, முத்துத்தாய் கூலி." மீதி ரெண்டாயிரத்து முந்நூறை அரவிந்த்குமார் சட்டைப் பையில் திணித்தாள். "இதுல ஆசிட்டுக் கடக்காரனுக்குக் குடுங்க. மிஷினு லோனக் கட்டுங்க."

"ஏம்மா, என்ன வேல செய்யிற நீ?" என்றாள் கனகலட்சுமி.

"உங்க வீட்டு வேலதாம்மா செஞ்சேன். அதுக்குத்தான் கூலி எடுத்தேன்." குரலை உயர்த்தவில்லை அவள். "இவுக மொய்ய இவுக காசுல வைக்கட்டும். எங்க காசுல வைக்கக் கூடாது. நோட்டுல அடிச்சா வீட்டுக்கு ஆகாதுங்கிறாக. கூலிக்காரி காசு நோட்டுல ஏறுனா மட்டும் ஆகுமா?"

ஐயாத்துரை நோட்டைப் புரட்டி, அந்தப் பக்கத்தை எடுத்து, ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டு அரவிந்த்குமாரை அடித்தார்.

பொன்னுத்தாய் போய்விடவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். நூறு ரூபாய்த் தாள் ஒன்றும் ஒற்றை ரூபாய் ஒன்றும் எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள்.

"எழுதிக்கங்கய்யா. எம்.ரெட்டியபட்டி, பொன்னுத்தாய். நூத்தியொண்ணு."

ஐயாத்துரை அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எழுதினார். எழுதி முடித்ததும் பழக்க தோசத்தில், மைக் இல்லாமலே, வீடு பூராவும் கேட்கும்படி படித்தார்: "எம்.ரெட்டியபட்டி பொன்னுத்தாய், நூத்தியொண்ணேய்!"

கனகலட்சுமி எழுந்து உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் அரவிந்த்குமார் நினைத்தான். தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்ட தாம்பூலப் பையோடு திரும்பி வந்தாள். மொய் செய்தவளை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? இரண்டு கையாலும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்ன பேசுவது என்று தெரியாமல், "வீட்ல என்ன விசேஷம் வருது?" என்று கேட்டாள்.

"தை மாசம் மகளுக்குக் கல்யாணம். பத்திரிக வைக்க வாரேன்மா. குடும்பத்தோட வரணும்."

"வாரோம்" என்றாள் கனகலட்சுமி. வேறென்ன சொல்ல முடியும்? நோட்டில் ஏறியாயிற்றே.

வண்டியில் திரும்பும்போது மணி அஞ்சு. அரவிந்த்குமாருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "அக்கா, நான் வேணும்னே... எனக்கு அந்தக் காசு கேக்குறதுலதான் ஒரு கூச்சம்..." என்று இழுத்தான்.

"எதுக்குத் தம்பி கூச்சம்?" பின்னாலிருந்து பொன்னுத்தாய் கேட்டாள். "அவுக கக்கூஸக் கழுவுனது நானு. எனக்கே கூச்சமில்ல. உங்களுக்கு என்ன?"

வருசக்கணக்காகக் கூச்சம், கூச்சம் என்று அவன் வளர்த்து வந்தது கூச்சமே இல்லை. தறிக்காரர் சென்னய்யா மகன் இன்னொருத்தர் வீட்டுக் கக்கூஸைக் கழுவிய காசுக்குக் கை நீட்டுவதா என்ற வீம்பு. அந்த வீம்புக்கு இத்தனை நாளும் கூலியைத் தண்டம் கட்டியது பின்னால் துணிப்பையோடு உட்கார்ந்திருக்கிற இந்தப் பொம்பளை. அவனுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. கண்ணும் கரித்தது. ரோட்டுப் புழுதி என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தான். மனசு ஒப்பவில்லை, துடைத்துக்கொண்டான்.

பஸ் ஸ்டாண்டில் திருச்சுழி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. இறங்கியவள், சேலையை உதறிவிட்டுக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள். "திங்கக்கெழம எந்த வீடு?"

இனிமேல் வர மாட்டாள் என்று நினைத்திருந்தவன் அவசரமாகச் சொன்னான். "நெசவாளர் காலனிக்கா. எங்க பெரிய மாமா வீடு. பாதிக் காச முன்னாடியே வாங்கிட்டுத்தான் வாளிய உள்ள கொண்டு போகணும்."

"சொந்தத் தாய்மாமன்கிட்டயா? யாரு கேக்குறது?"

"நான்தான்."

"என்னது?" இஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு காதைத் திருப்பினாள்.

"நான்தான்க்கா கேப்பேன்! வீடு கழுவுற காசு, நான்தான் கேப்பேன்!" என்று கத்தினான். பஸ்ஸுக்குள் நாலு பேர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். அதில் ரெண்டு பேர் அவன் சொந்தக்காரர்கள்.